முற்றத்து முசுக்கட்டை மரம்

பிஷ்கெக்கில் தங்கள் குடியிருப்பின் முற்றத்து முசுக்கட்டை மரத்தை வெட்டவிடக் கூடாதென்று, புருல்கான் வீடு வீடாக ஏறித் தேநீர் குடித்து, எல்லோரிடமும் வாக்கு வாங்கியிருந்தாள். அவள் அடுக்களை ஜன்னலுக்கு வேறு நிழல் கிடையாது.

கூட்டத்தில் தலைவர் எர்மெக், "பழம் விழுந்து என் காரெல்லாம் கறை. வெட்டணும்ங்கிறவங்க கை தூக்குங்க" என்றார். ஒருவர் தூக்க, பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். வருஷா வருஷம் அந்தப் பழத்தில் ஜாம் கிண்டும் அனாராவும் தூக்கினாள்.

"அடிப்பாவி, நேத்து எங்கிட்ட என்ன சொன்னே?" என்று புருல்கான் பல்லைக் கடித்தாள்.

"எல்லாரும் தூக்குறப்ப நான் மட்டும் எப்படி? அது கிடக்கட்டும் அக்கா, உங்க கை எங்க இருக்கு?"

புருல்கான் அண்ணாந்து பார்த்தாள். மேலேதான் இருந்தது. சட்டென்று இறக்கத்தான் நினைத்தாள். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே.