படத்தின் வலது பாதி

“நான் சொல்றதை முழுசாக் கேளுடா, அந்தத் தாளு—”

“என்னக்கா கேக்கறது? நீ வரைஞ்சதைத்தானே நான்—”

“அது ஃபாதருக்குக் காட்டறதுக்குடா! வார்க்கறதுக்கு இல்ல!”

பட்டறை மேசைமேல் இரண்டு தாள்கள் கிடந்தன. இரண்டிலும் ஒரே மெழுகுவர்த்தித் தண்டின் படம்; தண்டு ஆள் உயரம். தேவாலயங்களுக்கான வேலைப்பாடுகளை அக்கா வரைவாள், தம்பி பித்தளையில் வார்ப்பான். அவள் படத்தில் எப்போதும் இடது பாதி வெளித்தோற்றம்: கொடி, இலை, திராட்சைக்குலை. வலது பாதி, தண்டைப் பிளந்து வைத்தாற்போல் உட்புறம்: பித்தளையின் கனம், நடுவே ஓடும் இரும்புக் கம்பி. இந்த முறை ஃபாதர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று, இன்னொரு தாளில் இடது பாதியையே திருப்பிப் போட்டு வலதிலும் வரைந்திருந்தாள். தம்பி எடுத்துப்போனது அதைத்தான். வார்த்த தண்டு தேவாலயத்துக்குப் போய்விட்டது; அதனுள் இருக்கவேண்டிய கம்பி பட்டறை மூலையில் சாய்ந்து நின்றதை அவள் இன்று காலைதான் பார்த்தாள்.

“கம்பி இல்லையேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“உன்னையா? ஒரு இலையைக் கொஞ்சம் மாத்தினதுக்கே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்சவ நீ! புது மாதிரி போலன்னு வாயை மூடிக்கிட்டேன்.”

“தண்டோட இடுப்பை மணிக்கட்டு அளவுக்கு ஒடுக்கியிருக்கேன்டா. கம்பி தாங்கும்னுதான். வெறும் பித்தளை எப்படித் தாங்கும்? மேல வெக்கிற மெழுகுவர்த்தி என்ன கனம்?”

“ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினோம்.” அவன் குரல் இறங்கியது. “இன்னைக்குத்தான் ஏத்தறாங்க.”

“பக்கத்துல யாரும் நிக்க மாட்டாங்கல்ல?”

அவன் மூலையில் நின்ற கம்பியைப் பார்த்தான்.

“சொல்லித் தொலைடா!”

“பாட்டுக்குழுப் பிள்ளைங்க. நம்ம பாப்பா குட்டைன்னு முன்னாடி நிறுத்தியிருக்காங்க.”

செருப்பைக்கூடத் தேடாமல் இருவரும் தெருவில் ஓடினார்கள்.

தேவாலயத்துக்குள் பாட்டு நடந்துகொண்டிருந்தது. மெழுகுவர்த்தி எரிந்தது. பின்சுவரின் செங்குத்து விளிம்போடு அக்கா தண்டை ஒப்பிட்டுப் பார்த்தாள். தண்டு சாய்ந்திருந்தது. இடுப்பில், இரண்டு இலைகளுக்கு நடுவே, மயிரிழையாக ஒரு கறுப்புக் கோடு. அது அவள் வரைந்த கோடு இல்லை.

தம்பியின் மகள் பாப்பா, தண்டிலிருந்த திராட்சைக்குலைமேல் கையை ஊன்றி, உடம்பை அதில் சாய்த்துக்கொண்டு பாடினாள்.

தம்பி கத்த வாயெடுத்தான். அக்கா அவன் வாயைப் பொத்தினாள்.

“கத்தாதடா. பிள்ளைங்க மிரண்டு முட்டிக்கிட்டா தண்டு பாப்பா மேலதான் விழும்.”

சுவரோரமாகவே நடந்து முன்னால் போய் மண்டியிட்டாள். கன்னம் நடுங்க நடுங்கச் சிரித்துக்கொண்டு இரு கைகளையும் நீட்டினாள். பாப்பா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே சுடர் ஒரு பக்கமாகச் சரிந்தது.

“பாப்பா... அத்தை வந்திருக்கேன் பாரு. கையை மெல்ல எடுத்துட்டு, இப்படி வாடா கண்ணு.”