இராஜாங்கத்தின் காற்று மெஷின்

இப்போதெல்லாம் ஜனங்கள் வியாதியைக்கூடப் புது வண்டி மாதிரி வாசலில் நிறுத்திக் காட்டுகிறார்கள். முன்பு ஒருவனுக்குச் சர்க்கரை என்றால் அவன் பெண்டாட்டிக்கு மட்டும் தெரியும். இன்றைக்கு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு இவ்வளவு, உனக்கு எவ்வளவு என்று விசாரிக்கிறான். ஸ்கேன் படத்தைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறான், நாலு பேர் கேட்கட்டும் என்று. இவர்களுக்கெல்லாம் பெரியவன் என் பங்காளி இராஜாங்கம்.

இராஜாங்கம் என் பெரியப்பா மகன். என்னைவிடப் பதினோரு நாள் மூத்தவன். அந்தப் பதினோரு நாளுக்காக அறுபத்தாறு வருஷமாக அவனை அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே ஒரே வாய்க்காலில் இரண்டு பேருக்கும் நிலம். அவனுடையது மேலே, என்னுடையது கீழே. அவன் வயல் வயிறு நிறையக் குடித்த பிறகுதான் என் மடைக்குத் தண்ணீர் வரும். ஊரில் முதலில் ஆயில் இன்ஜின் வைத்தவன் அவன். முதலில் மாடி கட்டியவன் அவன். மகனை முதலில் சிங்கப்பூருக்கு அனுப்பியவனும் அவன்தான். வாதம் அடித்ததில் மட்டும் நான் முந்திக்கொண்டேன். எனக்குத் தை மாதம், அவனுக்கு மாசி.

இரண்டு பேருக்கும் வலது பக்கம். கால் மெதுவாக எழுந்தது, கை எழவில்லை. தஞ்சாவூரில் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டரம்மா, ஒரே மாத்திரை. கையில் வைத்து அமுக்கச் சொல்லி ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். நான் என்ன சின்னப் பிள்ளையா? என் பந்தை நாய் தூக்கிக்கொண்டு போனது. நான் தேடவில்லை.

சித்திரையில் என் மகன் பிரபு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். இராஜாங்கத்தின் மகன் செல்லதுரை அவனுக்கும் சிங்கப்பூரில் வேலை பார்த்துக் கொடுத்திருந்தான்.

"ஆனி மாசம் கிளம்பணும்ப்பா. நிலத்தை யாரு பாக்கிறது?"

"நான் பாக்கிறேன்."

"ஒத்தைக் கையாலயா?"

நான் இடது கையால் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள மம்பட்டியைப் பிடிச்சு மடை வெட்டிக் காட்டுங்க. நான் வாயைத் தொறக்கல. இல்லாட்டி பெரியப்பாகிட்ட குத்தகைக்கு விட்டுடலாம். அவரே பாத்துக்கிறேன்னு சொல்றாரு."

"அவனுக்கு மட்டும் கை இருக்கா?"

"பெரியப்பாவுக்குக் கை வந்துடுச்சே. நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை. மறுநாள் காலை டீக்கடைக்குப் போய்ப் பார்த்தேன். இராஜாங்கம் வலது கையால் கிளாஸைத் தூக்கி, ஊதி, உறிஞ்சினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை. பன்னிரண்டு மா நிலம். என் அப்பன் கையிலிருந்து என் கைக்கு வந்தது. அதன் வரப்பில் இனி இவன் நடப்பான், நான் வீட்டில் உட்கார்ந்து யாராவது ஊட்டிவிடச் சாப்பிடுவேன்.

"எப்படிண்ணே?" என்றேன்.

"எல்லாம் அந்தக் காத்து மெஷின்தான். மத்தியானம் வீட்டுக்கு வா, காட்டுறேன்."

பார்த்தீர்களா? வாசலில் நிறுத்திக் காட்டுவது என்று சொன்னேனே, இதுதான்.

போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ரேடியோப் பெட்டி அளவில் ஒரு சாமான் இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கை மூடும் கவசம். செல்லதுரை பங்குனியில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம்.

அவன் பெண்டாட்டி தங்கமணி மோர் கொடுத்தாள். "தூங்கும்போது இவருக்கு மூச்சு நின்னுடும் தம்பி. குறட்டை ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு ஒண்ணும் இருக்காது. நான் எண்ணுவேன். இருபது, இருபத்தஞ்சு வரைக்கும் போவும். அப்புறம் தண்ணிக்குள்ளேருந்து எந்திரிக்கிற மாதிரி ஒரு இழுப்பு."

"ஒரு மணி நேரத்துல நாப்பது தடவை நிக்குதுன்னு டெஸ்ட்ல வந்துச்சு" என்றான் இராஜாங்கம், மகன் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல. "ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் மூளைக்குப் போற ரத்தம் முதல்ல ஏறுதாம், அப்புறம் பொசுக்குனு இறங்கிடுதாம். நல்ல மூளை சமாளிச்சுக்கும். வாதம் அடிச்ச மூளைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லையாம். இந்தக் காத்து தொண்டையை மூட விடாது."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இதுவும் இன்ஜின்தான். அன்றைக்கு வாய்க்கால் தண்ணீரை வயலுக்கு ஏற்றினான், இன்றைக்கு ரத்தத்தை மண்டைக்கு ஏற்றுகிறான். நான் அன்றைக்கும் மடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், இன்றைக்கும் நிற்கிறேன்.

"போட்டுப் பாக்கிறியா?" என்றான்.

தங்கமணி கவசத்தைத் துடைத்து என் முகத்தில் மாட்டினாள். கட்டிலில் படுத்தேன். மூக்குக்குள் காற்று புகுந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வருமே, அந்தக் காற்றுதான். கண்ணை மூடிக்கொண்டு விழுந்த கையை அசைக்க நினைத்தேன். ஆள்காட்டி விரல் அசைந்தது. மெய்யாகவே அசைந்தது.

"அண்ணே, பாரு" என்றேன் கவசத்துக்குள்ளிருந்து.

"அது போன மாசமே அசைஞ்சுச்சேடா. நீதான் கவனிக்கல. பந்தை அமுக்குறியா இல்லையா?"

போன மாதம் அசைந்ததாம். மெஷினுக்குச் சேர வேண்டிய பேரை மறைக்கிறான். என் கை வந்துவிட்டால் நிலம் அவனுக்கு எப்படிக் கிடைக்கும்?

வீட்டுக்கு வந்ததும் எனக்கும் மூச்சு நிற்கிறது, டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றேன். என் பெண்டாட்டி பூவம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கா? பூனை மாதிரி தூங்குறீங்க. குறட்டையே கிடையாது."

"நீ தூங்கிட்டா உனக்கு எப்படித் தெரியும்?"

"நாப்பது வருஷமா நீங்க தூங்கினதுக்கு அப்புறந்தானே நான் தூங்குறேன்."

"அண்ணிக்குத் தெரியுது, எண்ணுறா. உனக்குப் புருஷன் மேல அக்கறை இருந்தா நீயும் எண்ணியிருப்பே."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நாள் குழம்பில் உப்பு இல்லை.

வைகாசி முதல் வாரத்தில் நான், பூவம்மாள், பிரபு மூன்று பேரும் தஞ்சாவூர் போனோம். டாக்டரம்மா வானதி சின்ன வயசு. ஏன் இந்த டெஸ்ட் கேட்கிறேன் என்று விசாரித்தாள். மூச்சு நிற்கிறது என்றேன். பூவம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சரி, எதற்கும் பார்த்துவிடலாம் என்றாள் டாக்டரம்மா.

முதலில் நெற்றிப் பொட்டில் ஏதோ பிசினைத் தடவி ஒரு கருவியை வைத்து அழுத்தினாள். பெட்டிக்குள்ளிருந்து உஷ், உஷ் என்று சத்தம் வந்தது.

"இதுதாங்க ஐயா உங்க மூளைக்குப் போற ரத்தம்."

"இராஜாங்கத்துக்கும் இவ்வளவு சத்தம் வந்துச்சா?"

"மத்தவங்களோடதைச் சொல்லக் கூடாதுங்க."

"கூடவா, குறைச்சலா, அதை மட்டும் சொல்லுங்க."

அவள் சிரித்துவிட்டு மூச்சை அடக்கச் சொன்னாள். அடக்கினேன். சத்தம் கூடியது. நல்ல பலமாகத்தான் இருந்தது. இராஜாங்கத்துக்கு இதில் பாதிகூட வந்திருக்காது. அதனால்தான் சொல்ல மறுக்கிறாள்.

அன்று இரவு ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். தலையில் ஒயர், மார்பில் பட்டை, விரலில் கிளிப். பூவம்மாள் பக்கத்து பெஞ்சில் இருந்தாள். காலையில் டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் பிரபுவையும் உள்ளே கூப்பிட்டாள்.

"அப்பாவுக்கு மூச்சுப் பிரச்சினை இல்லைங்க. மணிக்கு ரெண்டு தடவைதான் லேசா குறையுது. அது எல்லாருக்கும் உள்ளதுதான். இந்த மெஷின் இவருக்கு வேண்டாம்."

"ரெண்டுதானா?" என்றேன்.

"ஆமாங்க ஐயா. சந்தோஷப்படுங்க."

"அவனுக்கு நாப்பது."

"அதனாலதான் அவருக்கு மெஷின். உங்களுக்கு மூளையில அடைப்பு வந்தது பிரஷர்னால. பிரஷர் மாத்திரையை விடாதீங்க. கைக்குப் பயிற்சி செய்யணும். அஞ்சாறு மாசம் ஆகும், ஆனா வரும். பந்து கொடுத்திருந்தோமே?"

"நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள் பூவம்மாள். அதைச் சொல்ல மட்டும் வாய் வந்தது.

"நான் தூங்கவே இல்லையே, டாக்டரம்மா. தூங்காதவனுக்கு மூச்சு எப்படி நிக்கும்? கண்ணை மூடிக்கிட்டுதான் கிடந்தேன்."

"அஞ்சே கால் மணி நேரம் தூங்கியிருக்கீங்க. ஒயர்ல பதிவாயிருக்கு."

பதிவாகியிருக்கிறதாம். என் தூக்கம் எனக்குத் தெரியாதா, ஒயருக்குத் தெரியுமா? இராஜாங்கத்தின் மகன் வெளிநாட்டுக்காரன். அவனுக்கு நாற்பது என்று எழுதினால் மெஷின் வாங்குவான். என் மகனுக்கு இன்னும் பாஸ்போர்ட்டில் மை காயவில்லை. எனக்கு இரண்டு என்று எழுதினால் போதும் என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்தோம். ஆற்றில் தண்ணீர் வர மூன்று வாரம்தான் இருந்தது. பிரபு வராந்தாவில் நின்று செல்போனை எடுத்தான். என்னைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, டாக்டரம்மா ஐந்தாறு மாதம் என்று சொன்னதை அவனும்தானே கேட்டான்.

"பெரியப்பா, அப்பாவுக்கு மூச்சுக் கோளாறு இல்லையாம். இந்தக் குறுவைக்கு நிலத்தை நீங்களே பாத்துக்குங்க" என்றான். பிறகு போனை என் பக்கம் நீட்டினான். "உங்ககிட்ட பேசணுமாம்."

இடது கையால் வாங்கினேன்.

"வைரக்கண்ணு" என்றான் இராஜாங்கம். "உனக்கு அந்தச் சீக்கு இல்லைன்னு பிரபு சொன்னான். நல்லதாப் போச்சு. அந்தக் கவசத்தை மாட்டிக்கிட்டுப் படுக்கிற கொடுமை எனக்குல்ல தெரியும். நிலத்தைப் பத்திக் கவலைப்படாத. உன்னோடதுதான்டா. கை வந்ததும் எடுத்துக்க. நாளைலேருந்து காலைல இங்க வந்துடு, ரெண்டு பேரும் சேர்ந்து பந்தை அமுக்குவோம்."

என் நிலத்தை எனக்கே தருகிறானாம். எனக்கு நாற்பது இல்லாததில் அவனுக்கு எவ்வளவு நிம்மதி, குரலிலேயே தெரிந்தது. போனைப் பிரபுவின் சட்டைப்பையில் போட்டுவிட்டு நடந்தேன்.

"என்னங்க, மருந்துச் சீட்டு வாங்கணும், இருங்க" என்றாள் பூவம்மாள்.

நிற்கவில்லை. கேட்டைத் தாண்டினேன். கால் இழுத்தது, கை பக்கத்தில் ஆடிக்கொண்டு வந்தது. திருக்காட்டுப்பள்ளி பஸ் நிற்கும் இடம் வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். ஐந்தே கால் மணி நேரம் என்பது சுத்தப் பொய். நான் தூங்கவில்லை. தூங்கியிருந்தால் என் மூச்சும் நின்றிருக்கும், இராஜாங்கத்துடையதைவிட ஒன்றிரண்டு கூடவே நின்றிருக்கும்.