சந்தனத்துக்குத் துவரை

பிள்ளைப்பாக்கத்தில் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்ட நிலம் போக, பாபுவுக்கும் தம்பி பிரவீனுக்கும் பொதுவாக ஒரு ஏக்கர் மிஞ்சியிருந்தது. அதையும் விற்றுவிடலாம் என்றான் பிரவீன். பாபுவோ தன் பங்கு நஷ்டஈட்டை முழுவதும் போட்டுச் சந்தனக் கன்று நட்டுவிட்டான். "வர்ற ஆடிக்குள்ள கன்னு புடிக்கலன்னா நானே கையெழுத்து போடறேன்டா" என்று தம்பிக்கு வாக்கும் கொடுத்தான்.

வாலாஜாபாத்திலிருந்து கன்று கொண்டுவந்த ரகுபதி, ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் துவரை விதை ஊன்றிவிட்டுப் போனார்.

பாபு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வேண்டாத ஒரு திருகாணி தரையில் கிடந்தாலும் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. அதற்காகவே மேடையேற்றிக் குக்கர் பரிசு கொடுத்திருந்தார்கள். அந்தக் கண்ணோடுதான் நிலத்தையும் பார்த்தான். துவரை தளதளவென்று கன்றைவிட உயரமாக நின்றது. கன்றுக்குப் போட்ட உரத்தை இது தின்கிறதே என்று வயிறெரிந்து, வேரோடு பிடுங்கி எறிந்தான்.

கிணற்றோரத்து வரிசைகளில் மட்டும் அவன் மனைவி அம்சவல்லி கைவைக்க விடவில்லை.

"சாம்பாருக்குத் துவரை வேணும், நவுரு."

"சோம்பேறி! உன் பக்கம் காடு மாரி கீது பாரு" என்று அக்கம்பக்கத்தார் முன்னால் சிரித்தான்.

சித்திரை வெயிலில் கன்றுகள் மஞ்சளித்தன. தண்ணீரைக் கொட்டினான், உரத்தைக் கொட்டினான். அவை பாட்டுக்குக் காய்ந்துகொண்டே போயின. வந்து பார்த்த ரகுபதி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"துவரை எங்கப்பா?"

"களைன்னு புடுங்கிட்டேன்."

"அதும் வேரைப் புடிச்சிகினுதானே சந்தனம் பொழைக்கும்? தனியா நின்னா அதால முடியாதுப்பா. நட்ட அன்னிக்கே சொன்னனே!"

சொல்லியிருந்தார்தான். பாபு அப்போது வரிசை நேராக இருக்கிறதா என்று கயிறு பிடித்துக்கொண்டிருந்தான்.

கிணற்றோரத்தில் துவரைக்கு நடுவே கன்றுகள் பச்சையாக நின்றன. பாபுவால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்? சாம்பாருக்குன்னுதான் வுட்டேன்" என்றாள் அம்சவல்லி. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஆடி பிறந்ததும் பிரவீன் தரகரோடு வந்தான். கிணற்றோரத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லி, மற்றதற்குச் சம்மதித்தான் பாபு. புல் பூண்டில்லாத நிலத்தைத் தரகர் சுற்றிவந்து பார்த்தார்.

"இடத்தைப் பளிச்சுனு வச்சிகீறீங்க சார். வாங்கறவனுக்கு வேலையே இல்ல. யார் பண்ணது?"

"நான்தான்" என்றான் பாபு.