அழுகையை நிறுத்திய பாறை

எங்கள் ஊர்த் தலைவர் ஹர்தோமோவுக்கு மூளை இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு டப்பாதான் இருக்கிறது. சுத்தமான ஊர்ப் போட்டிக்கு அதிகாரி வருகிறார் என்றதும், எரிமலைப் பாறைச் சரிவில் நீர் கசிந்த விரிசல்களையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே வெள்ளையும் அடித்துவிட்டார். கறை அசிங்கமாகத் தெரிகிறதாம்.

கசிவு நின்றது. "பாறை அழுறத நிறுத்திடுச்சு" என்று பூரித்துப்போன ஊர், நன்றி சொல்ல விருந்து வைத்தது. அதுவும் பாறைக்கு நேர் கீழே, என் தங்கை சுலாசியின் சாப்பாட்டுக் கடை வாசலில்.

நான் வாகியெம். இருபத்தாறு வருடமாக இந்தக் கல்லைப் பிளந்து பிழைக்கிறவள். விரிசல் ஓடுகிற பக்கம்தான் கல் பிரியும். இங்கே விரிசல்கள் கடையைப் பார்த்துச் சரிந்து ஓடுகின்றன. உள்ளே தண்ணீர் தேங்கினால் பாளம் பாளமாக வழுக்கி இறங்கும். விரிகிறதா என்று பார்க்க, முந்தின நாள் பாறை உச்சியில் அடைபடாமல் விட்டுப்போன விரிசலில் ஒரு மூங்கில் சீவலை இறுக்கிச் செருகியிருந்தேன். விருந்தன்று போய்ப் பார்த்தால், சீவல் உள்ளே விழுந்துவிட்டது. என் கையே நுழைந்தது.

இறங்கி ஓடிவந்தேன்.

"தலைவரே, தண்ணி எங்க போச்சு?"

"நின்னு போச்சும்மா."

"ஆமா, உள்ள நிக்குது! விரிசல் விரியுது. எல்லாரையும் கிளப்புங்க."

"கல்லு உடைக்கிறவளுக்குப் பாக்கிறதெல்லாம் உடையிற மாதிரிதான் தெரியும்" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் தும்மினாலும் சிரிக்கிற கூட்டம்.

சுலாசி என் கையை உதறினாள். "ரெண்டு நாளா சமைச்சிருக்கேன்க்கா. அதிகாரி முன்னாடி மானத்த வாங்காத."

மழை பிடித்தது. எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான்.

விருந்தின் நடுவில் மஞ்சள் சோற்றுக் கூம்பு நின்றது. அதன் உச்சியை வெட்டிக் கூட்டத்திலேயே பெரிய மனிதருக்குக் கொடுப்பது வழக்கம். தலைவரின் கண் காலையிலிருந்து அதன் மேல்தான். கூம்பைத் தட்டோடு தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் பள்ளிவாசல் முற்றத்துக்கு ஓடினேன்.

"திருடி! புடிங்கடா அவள!" என்று தலைவர் கத்தினார்.

உயிருக்கு அசையாத ஜனம் சோற்றுக்கு ஓடி வந்தது. சுலாசி கரண்டியை ஓங்கிக்கொண்டு முதலில் வந்தாள். அதிகாரிக்குக் குடை பிடித்தபடி தலைவர் கடைசியில் வந்தார்.

அவர் முற்றத்தில் கால் வைத்ததும் பின்னால் மலை உறுமியது. வெள்ளையடித்த பாறை அப்படியே வழுக்கி வந்து கடையை மூடியது.

சுலாசி கரண்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "முன்னெச்சரிக்கையா நான்தான் சார் விருந்த இங்க மாத்தச் சொன்னேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள், வெட்கங்கெட்டவர்கள். அவர் யாரிடமோ ஒரு கத்தியை வாங்கிக் கூம்பின் பக்கம் குனிந்தார்.

"உச்சி எங்க?"

உதட்டில் ஒட்டியிருந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டேன்.

"வர்ற வழியிலயே சாப்பிட்டுட்டேன்."