முப்பது கிலோ

கம்பி இடுப்பு வரை வந்தது. அதற்குமேல் நெஞ்சுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். பக்கத்துக்கு ஒரு சின்ன எடை வட்டு கூடியிருந்தது, அவ்வளவுதான்.

"போதும் அக்கா, கீழ வைங்க," என்றார் ஜிம் மாஸ்டர். "ஒரு மாசமா முப்பதுலயே நிக்குது."

ஐம்பத்திரண்டு வயதில், இஸ்திரிக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு எடை தூக்க வருகிறவள் அங்கே அவள் ஒருத்திதான். உடம்பை அழகாக்கவா வந்தாள்? மகளுக்காக வந்தாள். இருபத்துமூன்று வயது மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் இயங்காது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு என்று தூக்குவதெல்லாம் அம்மாதான். நான்கு மாதத்துக்கு முன் குளியலறை வாசலில் கை விட்டுப்போய் இருவரும் விழுந்தார்கள். மகளுக்கு நெற்றியில் மூன்று தையல். அவளுடைய அண்ணன் வந்து பார்த்தார். நடக்க முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியின் விண்ணப்பம் ஒன்றை மேசைமேல் வைத்தார். "இன்னொரு தடவை விழுந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் ஜிம்மில் சேர்ந்தாள்.

முதல் ஆறு வாரத்தில் பத்து கிலோவிலிருந்து முப்பதுக்குத் தாவினாள். ஆனால் கையை அளந்தால் ஒரு நூல்கூடப் பருக்கவில்லை. மாஸ்டர் சிரித்தார். "தசை இன்னும் வளரலக்கா. நரம்புதான் கத்துக்கிட்டிருக்கு. தசையில நூறு பேர் இருக்காங்கன்னு வைங்க, நரம்பு இதுவரைக்கும் அம்பது பேரைத்தான் வேலைக்குக் கூப்பிட்டுச்சு. இப்ப எழுபது பேரைக் கூப்பிடுது. அது முடிஞ்சா தசையே வளரணும். அது ஆமை வேகம்தான்."

அந்த எழுபது பேரை நினைத்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

"இங்கதான் நிக்குது மாஸ்டர்," என்றாள் இப்போது, மூச்சு வாங்க. "வீட்டுல பொண்ணைத் தூக்குறது நாளுக்கு நாள் லேசாகுது. நேத்து ஒரே மூச்சுல தூக்கிட்டேன்."

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "இங்க ஏறாம அங்க மட்டும் எப்படிக்கா ஏறும்? பாப்பா என்ன எடை?"

"நாப்பத்தாறு. தையல் போட்ட அன்னிக்குப் பாத்தது."

"அதுக்கப்புறம்?"

நிற்க முடியாத பெண்ணை யார் எடை பார்க்கிறார்கள்? பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மகளின் சட்டைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தது வழியில் நினைவுக்கு வந்தது. துணியைக் குறை சொல்லிக்கொண்டே தைத்திருந்தாள். மேல் வீட்டு நாய் உருண்டு திரண்டு அவர்கள் ஜன்னலடியிலேயே கிடப்பதும் நினைவுக்கு வந்தது. நடை ஓட்டமானது.

மகள் வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் தொலைபேசி வேலையை முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையைக் கொடுத்துத் தூக்கினாள். விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டியது. இத்தனை நாளும் தன் கையையே கவனித்துக்கொண்டிருந்தாள். கையில் கிடந்தவளைக் கவனிக்கவில்லை.

"மத்தியானம் சாப்பிட்டியாடி?"

"ம்."

"என்னைப் பாத்துச் சொல்லு."

கட்டிலில் உட்காரவைத்ததும் மகள் ஒப்புக்கொண்டாள். "பாதி நாய்க்குப் போட்டேன்."

"எத்தனை நாளா?"

"நீ ஜிம்முக்குப் போன வாரத்துலேருந்து. நீ மட்டும் கஷ்டப்படுற. நான் என்னம்மா பண்றது? என்னால எடையத்தான் குறைக்க முடியும். நான் விடுதிக்குப் போக மாட்டேன்."

அடித்துவிடலாம் போல் கோபம் வந்தது. வெட்கம் அதைவிடப் பெரிதாக வந்தது. தன் பிள்ளை பட்டினி கிடந்ததைத் தன் பலம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறாள். சமையலறைக்குப் போய்த் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டா எடை கூடும்மா."

"கூடட்டும்."

"அப்புறம் உன்னால தூக்க முடியலன்னா?"

அம்மா ஒரு வாய் எடுத்து நீட்டினாள். கம்பியோடு மல்லுக்கட்டிய கை நடுங்கியது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை. மகள் வாயைத் திறக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.