புதன்கிழமைக் கூர்

புதன்கிழமை காலையில் பிளேடு முகத்தில் வழுக்கிக்கொண்டு போனபோதுதான் தொன் தெமெத்ரியோவுக்கு முதல் சந்தேகம் தட்டியது.

ஞாயிறுதோறும் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, அதன் உள்வளைவில் பிளேடை இரண்டு விரலால் அழுத்தி, முன்னும் பின்னும் தேய்த்துக் கூரேற்றுவார். பக்கத்துக்கு நாற்பது தேய்ப்பு. அந்தத் தட்டுப்பாட்டு வருடத்தில் கைபாரியென் என்ற அந்தக் கடலோர ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு பிளேடு நாலு மாதம் வரும், கெட்டிக்காரன் கையில் ஐந்து மாதம். ஞாயிறு ஏற்றிய கூர் திங்களன்று சுகமாக இருக்கும், செவ்வாய் சுமார், புதன் முடியைப் பிடித்து இழுக்கும், சனிக்கிழமை கண்ணில் நீர் வரும். அதுதான் முறை. புதன்கிழமை வழுக்குகிறது என்றால் வேறொரு கை அதைக் கூரேற்றியிருக்கிறது.

ரேசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய அப்பா சர்க்கரை ஆலையின் கடையில் வாங்கியது. மூன்று துண்டாகக் கழலும். பூச்சு போய் விளிம்பில் பித்தளை தெரிந்தது. சவரம் முடிந்ததும் கைப்பிடியை அரைச் சுற்று தளர்த்தி வைப்பார். இன்று எடுத்தபோது அது இறுகியிருந்தது என்பது இப்போதுதான் உறைத்தது. சோப்பும் ஒரு நகக்கண் அளவு குறைந்திருந்தது.

முப்பத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர் அவர். பெட்டிக்குள் நுழையும்போதே எவன் டிக்கெட் இல்லாதவன் என்று கழுத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர், அவரும் மருமகள் நெரெய்தாவும். மகன் ஒஸ்வால்தோ மீன்பிடிக் கப்பலில் போய் ஏழு மாதமாகிறது. கால் மழித்துக்கொள்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தார். இல்லை. டம்ளரில் இவ்வளவு நேர்த்தியாகக் கூரேற்றுவது பழகிய ஆண்பிள்ளைக் கை. எவனோ ஒருவன் இந்த வீட்டுக்குள் வந்து, அப்பாவின் ரேசரை எடுத்து, நிதானமாக உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டு போகிறான். அது நிஜமானால் மகனுக்கு எழுதியாக வேண்டும். எழுதினால் வீடு இரண்டாகும்.

நெரெய்தா பட்டாணி கலந்த காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நேத்து யாராவது வந்தாங்களா?"

"யாரு மாமா வருவாங்க? கரண்டே வரல."

"சோப்பு சீக்கிரம் கரையுது."

"உங்க தாடை அகலம். ஒரு கப்பலுக்கே நுரை போடலாம்." சிரித்துவிட்டுப் போனாள்.

அந்தச் சிரிப்பையும் அவர் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டார். பொய் டிக்கெட்காரர்கள் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள்.

வியாழன் பிளேடு சுமார். வெள்ளி இழுத்தது. சனிக்கிழமை மறுபடி வெண்ணெய் மாதிரி போனது. செவ்வாயும் வெள்ளியும் அவர் ரொட்டி வரிசையில் நின்று, அப்படியே பூங்காவில் டோமினோ ஆடிவிட்டு, மதியம்தான் வீடு திரும்புவார். வந்தவனுக்கு அந்த நேரக்கணக்குத் தெரிந்திருக்கிறது.

ஊரில் ஆண்கள் முகமெல்லாம் கீறலும் சொறியுமாக இருந்த காலம் அது. ஒரே ஒருவன் முகம் மட்டும் உரித்த முட்டையாகப் பளபளத்தது. ரேஷன் கடை அர்செனியோ. போன மாதம் நெரெய்தாவுக்குக் காப்பிப் பொட்டலத்தை அவன் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்ததைத் தெமெத்ரியோவே பார்த்திருக்கிறார். வேறு யாருக்காவது இரண்டு கையால் கொடுத்திருக்கிறானா?

செவ்வாய்க்கிழமை காலை தன் முகத்தை மழித்து முடித்ததும் கதவைத் தாழிட்டுக்கொண்டார். மெல்லிய அரத்தின் முனையால் பிளேடின் ஓரங்கள் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் பல் எடுத்தார். எத்தனை தேய்த்தாலும் அந்தப் பல் போகாது. ரேசரைப் பூட்டி, அரைச் சுற்று தளர்த்தி, அதன் இடத்தில் வைத்தார். இன்று மதியத்துக்குள் ஊரில் ஒரு முகம் அடையாளத்தோடு திரியும்.

சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். பக்கத்து வாசலைக் கடக்கும்போது வழக்கம்போல் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அது உல்பியானோ வீடு. பத்தொன்பது வருடத்துக்கு முன் நடு டோமினோ மேசையில், "இவன் டிக்கெட் காசைப் பையில போட்டவன்டா" என்று நாலு பேர் முன்னால் சொன்னவன். அன்றைக்கே, என் வீட்டு ஆட்கள் யாரும் அந்தப் படியை மிதிக்கக் கூடாது என்று தெமெத்ரியோ சொல்லிவிட்டார். ஆறு மாதமாக அவன் பக்கவாதத்தில் கிடப்பதாகக் கேள்வி. விசாரிக்கப் போகவில்லை.

ரொட்டி வரிசையில் நின்ற ஒவ்வொரு தாடையாகப் பார்த்தார். பழைய கீறல்கள்தான். பதினோரு மணிக்கு ரேஷன் கடைக்குப் போய்க் கம்பிக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்தார். அர்செனியோவின் கன்னத்தில் ஒரு கோடு கூட இல்லை.

"என்ன தொன் தெமெத்ரியோ, முத்தம் குடுக்கப் போறீங்களா?"

"உன் முகம் எப்படிய்யா இப்படி இருக்கு?"

அர்செனியோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே தாடி முளைக்காது."

பூங்காவில் நாலு மேசை. அங்கும் எல்லா முகத்தையும் பார்த்தார்.

"வேடிக்கையப் பாருங்கடா, கிழவன் தாடைக்கு டிக்கெட் கேக்கறான்!" என்று ஒருவன் கத்த, மேசையே அதிர்ந்தது. தெமெத்ரியோ ஆடாமல் திரும்பினார். அடையாளத்தோடு எவனும் இல்லை. அப்படியானால் அவன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். நடையை எட்டிப் போட்டார்.

தெரு முனையிலேயே கூச்சல் கேட்டது. உல்பியானோ வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர். நடுவில் உல்பியானோவின் மனைவி ஹசிந்தா. அவள் எதிரே, நுரை வழியும் கையோடு, ரேசரைப் பிடித்தபடி நெரெய்தா.

"செத்த பன்னிக்குக் கூட இப்படிச் சொரண்ட மாட்டாங்க! வாய் பேச முடியாத மனுஷன், முகமெல்லாம் ரத்தம்!"

"தெரியாம நடந்துபோச்சு அத்தை. இத்தனை நாள் ஒரு கீறல் விழுந்திருக்கா? சொல்லுங்க."

"அதான் கேக்கறேன். மூணு மாசமா விழாதது இன்னிக்கு ஏன் விழுந்துது? உன் மாமனார் சொல்லி அனுப்பிச்சாரா? பத்தொன்பது வருஷக் கணக்கை இப்படித் தீர்க்கச் சொன்னாரா?"

"மாமாவுக்கு நான் வர்றதே தெரியாது!" என்றாள் நெரெய்தா. "எங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் நான்தான் டம்ளர்ல தேய்ச்சு சவரம் பண்ணி விட்டேன். உங்க கைநடுக்கத்துல நீங்க அவரைக் கீறிக் கீறி வச்சிருந்ததைப் பார்க்க முடியாமத்தான் வந்தேன். எங்கப்பாவோட பழைய ரேசர் ஒடிஞ்சதால போன வாரந்தான் மாமாவோடத எடுத்தேன். மாமா மேல பழி போடாதீங்க. என் கைதான் தவறிச்சு."

கூட்டத்தின் ஓரத்தில் தெமெத்ரியோ நின்றுவிட்டார். திறந்த கதவு வழியாக உள்ளே கட்டில் தெரிந்தது. ஒரு பக்கம் கோணிப்போன முகம். அதில் பாதி நுரை. நுரைக்கு நடுவே இரண்டு சிவப்புக் கோடுகள் கழுத்து வரை இறங்கியிருந்தன. உல்பியானோவின் கண் மட்டும் அசைந்தது.

பேசாமல் நழுவிவிடலாம். அரம் பிடித்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் கை தவறியவள் என்று அந்தப் பெண்ணின் பெயர் தெருவில் கிடக்கும். அதுவும் அவரைக் காப்பாற்றப் போய். நெரெய்தா கட்டைவிரலால் பிளேடின் ஓரத்தை மெல்லத் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபடி தடவினாள். நிமிர்ந்தாள். கூட்டத்துக்கு மேலாக அவள் பார்வை நேராக அவர் மேல் வந்து விழுந்தது.



தெமெத்ரியோ பத்தொன்பது வருடமாக மிதிக்காத படியை மிதித்தார்.

"அவ கை தவறல. பிளேடைக் கெடுத்தது நான். அரத்தால."



"எதுக்கு?" என்றாள் ஹசிந்தா.

உண்மையைச் சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்காரனுக்காக வைக்கவில்லை, எவனோ ஒருவனுக்காக வைத்தேன் என்று சொல்லலாம். அதைச் சொன்ன மறுநிமிடம் அந்த எவனோ ஒருவனுக்குத் தெரு ஒரு பெயர் வைக்கும். நாளைக்கு ரொட்டி வரிசையில் நெரெய்தாவின் முதுகுக்குப் பின்னால் அது நிற்கும். கப்பலிலிருந்து இறங்கும் மகனைத் துறைமுகத்திலேயே போய்ச் சந்திக்கும்.

"எதுக்குன்னு உங்களுக்கே தெரியுமே," என்றார். "இவ இங்க வர்றது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பழைய பகை. அவ்வளவுதான்."

"தூ!" என்றாள் ஹசிந்தா. யாரோ ஒருவர், "படுத்துக் கிடக்கறவன்கிட்டயா வீரம்?" என்றார். இன்னொருவர், "அப்ப அந்த டிக்கெட் காசும் நிஜம்தான் போல" என்றார். அதற்கு மட்டும் தெமெத்ரியோவின் முதுகு ஒரு முறை விறைத்தது.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். மகன் திரும்பும் நாளுக்காக எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த ஒரே புது பிளேடு. கொண்டுவந்து நெரெய்தாவிடம் நீட்டினார்.

"மீதிப் பாதி முகத்தை நான் மழிக்கட்டுமா?"

"நீ அவரைத் தொடாதே!" என்றாள் ஹசிந்தா. "வேணும்னா தண்ணிக் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

நின்றார். நெரெய்தா புது பிளேடைப் பூட்டி, கோணிய கன்னத்தை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, காதிலிருந்து கீழ்நோக்கிச் சின்னச் சின்னதாக இழுத்தாள். கை அசங்கவில்லை. உல்பியானோவின் கண் ரேசரைப் பார்க்கவேயில்லை. கிண்ணத்தையும் அதைப் பிடித்திருந்தவரையுமே பார்த்துக்கொண்டிருந்தது.

இருவரும் வீடு திரும்பினார்கள். அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு நெரெய்தா எதிரே நின்றாள்.

"நான் அங்க போறது உங்களுக்குத் தெரியாது. தெருவுல பொய் சொன்னீங்க."

"ஆமா."

"அப்ப யாரு முகத்துக்கு மாமா அந்தப் பிளேடை வச்சீங்க?"

அவர் கிழங்கின் தோலை உரித்தார். உரித்து முடித்தும் வாயில் வைக்கவில்லை. பிறகு, தேவையான பதில் கிடைத்துவிட்டது போல், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை அவர் ரொட்டி வரிசைக்குக் கிளம்பும் முன்பே அவள் ரேசரை எடுத்தாள். ஒளிக்கவில்லை. அவர் கண் முன்னாலேயே மூன்று துண்டாகக் கழற்றினாள். பிளேடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு ஓரம் பார்த்தாள்; திருப்பி மறு ஓரமும் பார்த்தாள்; கட்டைவிரலால் இரண்டையும் தடவினாள். பூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

அந்த நேரம் முழுவதும் தெமெத்ரியோ, டிக்கெட்டை நீட்டிவிட்டு நிற்கிற பயணி மாதிரி, அசையாமல் நின்றார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே பார்த்தாள். அடுத்த வெள்ளியும்.