தாடைக்கு அடியில்

"கண்ணுக்குத் தெரியாத இடத்துல வேலை பாத்தவன் எவனும் இந்த உலகத்துல உருப்பட்டதில்ல" என்று டைல்ஸ் கடைக்காரர் அறிவித்தார். அறிவித்துக்கொண்டே தங்கையின் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டார்.

சும்மா பேச்சில்லை. அவருடைய வியாபாரமே இந்தத் தத்துவத்தின் மேல்தான் நின்றது. அவர் போட்ட தரைகளில் பீரோவுக்கு அடியில் டைல்ஸ் இருக்காது. கேட்க வந்த வாடிக்கையாளர்களிடம், பீரோவை ஏன் நகர்த்தினீர்கள் என்று கோபித்துக்கொள்வார்.

தங்கை கண்ணை மூடியபடி சிரித்தாள். உதட்டின் ஒரு ஓரம்தான் அசைந்தது. கட்டிலைப் பட்டறைப் பக்கத்து ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல்தான். ஆனால் வெளியே அவள் செதுக்கிய கல் நாய் முக்கால்வாசி வெளிச்சத்தை அடைத்துக்கொண்டு தூங்கியது.

குடியிருப்புச் சங்கம் பூங்காவுக்கு ஒரு சிலை கேட்டிருந்தது. ஒற்றுமையைக் காட்டும் சிலையாக இருக்க வேண்டும் என்றார்கள். ஒற்றுமையை எப்படிக் காட்டுவது என்பதில் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். தங்கை போய் விசாரித்தபோது, இரண்டு கோஷ்டியும் தனித்தனியாக, ரகசியமாக, ஒரே தெரு நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது. அந்த நாயையே வேன் அளவுக்குச் செதுக்கிவிட்டாள். யாராலும் எதிர்க்க முடியவில்லை.

மிச்சம் இருந்தது தாடையின் அடிப்பக்கம் மட்டும். அங்கே உளி கொத்திய தடம் இன்னும் முள்முள்ளாக நின்றது. இப்போது நாய் மரக்கட்டைகளின் மேல் இருப்பதால் ஒரு ஆள் மல்லாந்து படுத்து உள்ளே நுழையலாம். நாளை கிரேன் வந்து தூக்கிப் பூங்கா மேடையில் இறக்கிவிட்டால், அந்த இடுக்கில் குழந்தையின் கைதான் போகும். ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லி தங்கையின் மகள் கேட்டுப் பார்த்தாள். தள்ளிப்போட்டால் கோஷ்டிகள் மறுபடி யோசிக்க ஆரம்பித்துவிடும் என்று சங்கச் செயலாளர் உண்மையாகவே பயந்தார்.

"குழந்தைங்க மொதல்ல அங்கதாண்ணா கை விடும்" என்றாள் தங்கை. குரல் மூச்சோடு மூச்சாக வந்தது. "நாய்னா தாடையத்தான சொறிஞ்சு விடுவாங்க."

"எந்தக் குழந்தை படுத்துக் குனிஞ்சு பாக்கப் போகுது, பாப்பா?"

"பாக்காது. தொடும்."

கல் வழவழப்பாகிவிட்டதா என்று பார்க்க அவள் தன் கையை நம்புவதில்லை. காய்ப்புக் காய்த்த கைக்கு எல்லாம் வழவழப்புதான் என்பாள். பஞ்சை வைத்து இழுப்பாள். ஒரு இழை மாட்டினாலும் மறுபடி தேய்ப்பாள். அண்ணன் இதைப் பார்த்த அன்றே, பவுடர் போட்டாச்சு, அப்படியே ஒரு ஜட்டியும் தைச்சு மாட்டிவிடு என்றார். தன் நகைச்சுவை தனக்கே பிடித்துப்போய், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"நீ செஞ்சு விடறியாண்ணா?"

"நானா? அப்புறம் என் தொழில் கௌரவம் என்ன ஆறது?"

அவர் அடுத்த ஸ்பூன் விட்டார். தண்ணீர் உள்ளே போகாமல் உதட்டோரம் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. துண்டால் துடைத்தார். "மெதுவா குடி, மெதுவா" என்றார். இன்னொரு ஸ்பூன் எடுத்தார். அதுவும் வழிந்தது. துடைத்தார். மறுபடி எடுத்தார்.

மகள் அவர் கையைப் பிடித்து ஸ்பூனை வாங்கிக்கொண்டாள்.

"போதும் மாமா."

மறுநாள் காலை அடக்கம் முடிந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் டைல்ஸ்காரர் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லவில்லை. நாற்காலி வரிசை கோணலாக இருந்ததைக்கூட விட்டுவிட்டார். எல்லோருக்கும் அவரை நினைத்துத்தான் அதிகக் கவலையாக இருந்தது. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்துகளோடு இருந்த பஞ்சுச் சுருளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பட்டறையில் தங்கை தேய்க்கும் கல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் இருந்தது. நனைத்து எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து, முதுகால் ஊர்ந்து உள்ளே போனார். மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நாயின் தாடை. விரலை வைத்ததும் சுருக்கென்றது. தேய்க்க ஆரம்பித்தார். கல்மாவு கண்ணில் விழுந்தது. துடைத்துக்கொள்ளக் கையை மடக்க இடமில்லை. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டே தேய்த்தார்.

வெளியே கிரேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவருக்குக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கிரேன் டிரைவரின் பூட்ஸ். செயலாளரின் செருப்பு. கடைசியாக மகளின் வெறுங்கால்.

"அடியில ஏதோ சத்தம் வருதே?" என்றது பூட்ஸ்.

"கட்டையெல்லாம் சரியா இருக்கான்னு பாக்கணும்ணா. ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வந்துடுங்க" என்றாள் மகள்.

பூட்ஸும் செருப்பும் நகர்ந்தன. வெறுங்கால் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கை கீழே நீண்டு, தண்ணீர் நிரம்பிய மக்கை அவர் முழங்கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போனது.

அவர் பஞ்சில் கொஞ்சம் கிள்ளி, தாடை நெடுக மெதுவாக இழுத்தார். நடுவில் ஒரு இழை மாட்டியது. தேய்க்கும் கல்லைத் தண்ணீரில் நனைத்தார்.